பௌஷ்பார்காஸெயும் நம்ம வூட்டுப் பெட்டியும்

நைனா,

நாங்க இங்க சௌக்கியம். நீயும் அங்க சௌக்கியமாதான் இருப்ப. அந்த சமாச்சாரம் அத்தோட முடிஞ்சுது, இனிமே எழுதப்போறதெல்லாம் சண்டை. உன் லெட்டர் நேத்து மத்தியானம் வந்துச்சு. உங்கப்பா கண்ணாடிய வேட்டியில தொடச்சுகினு சத்தம் போட்டு படிச்சாரு, நான் பின்னால மீன் கழுவிகினே கேட்டேன். மொத ரெண்டு பக்கம் கேக்க கேக்க மனசு குளுந்து போச்சு. மூணாவது பக்கம் வந்ததும் கைய அலம்பிட்டு வந்து, லெட்டர அவரு கையிலேர்ந்து புடுங்கி நானே படிச்சேன். 'தை மாதம் திருமணம் நடக்கவிருப்பதால் அதற்குள் சீட்டு நடத்துவதைத் தாங்கள் நிறுத்திவிட வேண்டும்' அப்டின்னு எழுதிகீற. தாங்களாம். பேச்சு வந்த நாள்லேர்ந்து என்னை வா போன்னு பேசற புள்ள, என் பொழப்ப மூடச் சொல்றப்போ மட்டும் தாங்கள்னு மரியாதை குடுக்கற. அந்த மரியாதைய நீயே வச்சுக்க. எனக்கு வாயில வர்ற பாஷையிலதான் நான் எழுதுவேன். ராயபுரத்துல பொறந்தவ ராயபுரம் பேசாம வேற இன்னா பேசுவா.

பதில மொதல்லயே சொல்லிடறேன், நீ அவசரப்பட்டு கடைசி பக்கத்த பொரட்ட வேணாம். சீட்ட மூட மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியும் மூட மாட்டேன், அப்பாலயும் மூட மாட்டேன். இன்னொண்ணும் கேட்டுக்க. இத்த தபால்ல போடறதுக்கு முன்னாடி, வர்ற ஞாயித்துக்கிழமை சீட்டுக்கு வர்ற பொம்பளைங்க அல்லாருக்கும் படிச்சுக் காட்டப்போறேன். நீ எழுதினது அவங்களப் பத்தி, அதுக்கு நான் இன்னா பதில் சொன்னேன்னு அவங்களுக்கும் தெரியணும். நாலு பேரு முன்னாடி சொல்ல முடியாதத நான் எழுதறதும் இல்ல.

இப்ப அந்த மொத ரெண்டு பக்கத்துக்கு வரேன். எண்ணூர் மோட்டார் கம்பெனி உன்ன ஜெர்மனிக்கு வேலை கத்துகினு வர அனுப்புச்சு, நீ அங்க போன நாள்லேர்ந்து குடியிருக்கற வூட்டம்மாவப் பத்தி எழுதிகினே கீற. பாவம், சண்டையில குண்டு வுழுந்து அவங்க சொந்த வூடு தரைமட்டமாச்சு, புருசனும் திரும்பி வரல. இப்ப வாடகை வூட்ல ஒரு ரூம்ப உனக்கு வுட்டுட்டு, அந்தத் துட்ட மாசா மாசம் ஒரு எடத்துல கொண்டு போய் கட்றாங்க. அவங்கள மாதிரி எத்தினியோ ஜனம் அங்க கட்டுது. சேந்த துட்ட முறை வச்சு ஒவ்வொருத்தருக்கா குடுக்கறாங்க, வாங்கினவங்க வூடு கட்டிகினு மிச்சத்த கடைசி வரைக்கும் கட்டித் தீக்கறாங்க. அந்தம்மா முறை இன்னும் வரல, காத்துகினு கீறாங்க. அதுக்குப் பேரு பௌஷ்பார்காஸெ. வெத்தலைய வாயில வச்சுகினு சொன்னா வரவே மாட்டேங்குது, துப்பிட்டு சொல்லிப் பாத்தேன். 'இத்தேசத்து மக்களின் ஒழுங்கும் நம்பிக்கையும் என்னை வியக்க வைக்கின்றன' அப்டின்னு அந்த எடத்துல எழுதிகீற. அட எஞ்சாமி, அது சீட்டுடா. அங்க அதுக்கு ஆபீஸ் கீது, சட்டம் கீது, ரசீது கீது, இங்க நம்ம கூடமும் ஒரு தேயிலைப் பெட்டியும்தான் கீது. வித்தியாசமே இல்லன்னு நான் சொல்லல. ஆனா வெள்ளைக்காரம்மா கட்டினா உனக்கு வியப்பு, உங்கம்மா நடத்தினா உனக்கு வெக்கம். அது எப்டின்னு நீதான் சொல்லணும்.

போன லெட்டர்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருந்தேன். நீயும் மறக்காம மாடியில குடியிருக்கற வாத்தியார கேட்டு விவரமா எழுதிகீற. அதுக்கு மெய்யாலுமே சந்தோசப்பட்டேன். நம்ம வூட்டுக்குப் பின்னால கூட்ஸ் யார்டுல வேகன கொக்கி மாட்டி கோக்கறாங்களே, அந்த மாதிரி மூணு வார்த்தைய கோத்து ஒண்ணா இஸ்துகினு போறாங்க. பௌ-ன்னா கட்டடம், ஷ்பார்-னா சேக்கறது, காஸெ-ன்னா துட்டு வைக்கற பெட்டி. காஸெ நம்ம காசுதான், அவங்க நம்மகிட்டேர்ந்துதான் வாங்கினு போனாங்கன்னு நான் அடிச்சு சொல்லியிருந்தேன். வாத்தியார் சிரிச்சாருன்னு எழுதிகீற. அது இத்தாலி தேசத்து யாவாரிங்க வார்த்தையாம், பெட்டின்னு அர்த்தமாம், காசுக்கும் அதுக்கும் ஒரு ஒறவும் கெடையாதாம். சரி, தோத்துட்டேன், வுடு. பெட்டியாவே இருக்கட்டும், அதுவும் எனக்குத் தோதுதான். காசு வரும் போவும், பெட்டி நின்ன எடத்துல நிக்கணும்.

ஆனா அதுக்கு கீழ நீ எழுதினியே, அங்கதான் நான் மீனயும் வுட்டுட்டு நின்னுட்டேன். பௌ-ங்கறது இப்பதான் கட்டடம், அந்தக் காலத்துல ஒரு எடத்துல குடியிருக்கறது, தங்கி வாழறதுன்னுதான் அர்த்தமாம். ஷ்பார்-ங்கறதும் இப்பதான் துட்டு சேக்கறது, ஆதியில ஒரு பொருள சேதாரம் ஆகாம வச்சுக் காப்பாத்தறதாம். நான் அடுப்ப பாத்துகினே ரெண்டு மூணு தபா மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். குடியிருந்து, சேதாரம் இல்லாம காப்பாத்தற பெட்டி. நைனா, இந்த வார்த்தைய நீ எனக்கு அனுப்பிட்டு அடுத்த பக்கத்துலயே சீட்ட மூடுன்னு எழுதற. நீ படிச்சுதான் எழுதினியா, இல்ல பாத்து காப்பி அடிச்சு அனுப்பிட்டியா.

மூணாவது பக்கத்துல இன்னொரு சமாச்சாரமும் எழுதிகீற. சீட்ட வுட அதுதான் உன்ன அறுக்குதுன்னு எனக்குத் தெரியும். 'அன்று மற்ற பிள்ளைகளையெல்லாம் ஊருக்கு அனுப்பினார்கள், என்னை மட்டும் வண்டியிலிருந்து இறக்கினீர்கள், தங்களுக்கு என்னைவிட அந்தப் பெண்களின் பணம் பெரிதாக இருந்தது' அப்டின்னு. இத்தினி வருசம் உள்ள வச்சுகினு இருந்துட்டு கடல் தாண்டிப் போய் எழுதிகீற. நல்லது, எழுதினியே. இப்ப நான் சொல்றேன், கேளு.

நம்ம சீட்டோட வழக்கம் உனக்குத் தெரியும், ஆனா தெரிஞ்ச மாதிரி நீ நடந்துக்கல. துட்டு பெட்டி நம்ம வூட்ல, சாவி எதிர் வூட்டு சல்மாகிட்ட. ரெண்டும் ஒரே வூட்ல இருக்கக்கூடாது. புதுசா ஒருத்தி சேரணும்னா அவளுக்கு ஜாமீனா ஒரு ஆளு நிக்கணும், சீட்டு முடியற வரைக்கும் அந்த ஆளு கை கழுவிட்டுப் போவக்கூடாது. மொத சீட்டு நடத்தறவளுக்கு, அது ஊரு வழக்கம். மத்தவங்களுக்கு குலுக்கல். மொத சீட்ட நான் எடுத்துட்டா, கடைசிப் பொம்பளை கையில துட்டு வுழற வரைக்கும் நான் நகர முடியாது. அந்த வருசம் மொத சீட்ட எடுத்து இந்த வூட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தோம். அதுக்கு முன்னாடி ஒழுகற கொட்டாயில இருந்தோம், நீ இருமிகினே இருப்ப. இந்த செவுரு, இந்த ஓடு, நீ குந்தி படிச்ச அந்த ஜன்னல், அல்லாம் இந்த சந்து பொம்பளைங்க துட்டு. அவங்களுக்கும் அது தெரியும். எதுனா ஒண்ணுன்னா அவ வூடு கீது, அங்க போய் கேட்டுக்கலாம்னுதான் அவங்க நிம்மதியா இருந்தாங்க.

அப்பதான் ஜப்பான்காரன் வரான், ஹார்பர் மேல குண்டு போடப்போறான்னு பட்டணமே கெளம்புச்சு. சட்டி பானைய தூக்கிகினு, ஆட்டையும் கோழியையும் இஸ்துகினு ஜனம் ஓடுது. சல்மா புருசன் பெரியமேட்டுல தோல் மண்டியில வேலை, அவரு சல்மாவ இட்டுகினு ஆம்பூருக்குப் போயிட்டாரு. அவசரத்துல சாவியும் அவ முந்தானையிலயே போயிடுச்சு. அந்த மாசம் வசூல் பண்ண துட்டு பெட்டிக்குள்ள கீது. உங்கப்பா ஹார்பர்ல சரக்கு தூக்கற விஞ்ச் ஓட்டறவரு, வேலைய வுட்டு அவரால போவ முடியாது. ஒரு நாள் மத்தியானம் மாட்டு வண்டி ஒண்ண பேசி இட்டாந்து வாசல்ல நிறுத்தினாரு. நீ ஸ்கூல் பைய மாட்டிகினு அவரு தூக்கி வுடறதுக்கு முன்னாடியே ஏறி குந்திட்ட.

"கெளம்புடி, செங்கல்பட்டுல எந்தங்கச்சி வூட்ல இருந்துக்க"ன்னாரு.

"நான் வரல"ன்னேன்.

"இன்னாடி பேசற. குண்டு போட்டா ஹார்பருக்கு அடுத்து நம்ம சந்துதான்."

"வூட்ட பூட்டிட்டு நான் போனா, திரும்பி வர்றவங்க யார் மூஞ்சில முழிப்பாங்க. இது அவங்க துட்டுயா."

"சரி, நீ கெட. புள்ளய அனுப்பு."

வண்டிகிட்ட போய் உன்ன எறக்கினேன். நீ வண்டி கம்ப புடிச்சுகினு வுடல, வெரல ஒண்ணொண்ணா பிரிச்சேன். உங்கப்பா வண்டிக்காரனுக்கு கூலிய குடுத்து அனுப்பிட்டு, ஹார்பருக்கு திரும்பிப் போயிட்டாரு. உன்ன மட்டும் அனுப்பியிருக்கலாமே, ஏன் அனுப்பலன்னுதான நீ கேக்கற. யாருக்கும் சொல்லாதத இப்ப சொல்றேன். சந்துல பாதி பொம்பளைங்க இன்னும் போவல, கதவாண்ட நின்னு பாத்துகினு இருந்தாங்க. நீ அந்த வண்டியில போயிருந்தா, புள்ள போயிட்டான், இன்னும் ரெண்டு நாள்ல இவளும் போயிடுவான்னு நெனச்சிருப்பாங்க. அப்பவே வந்து பெட்டிய ஒடச்சிருப்பாங்க, அவங்க மேல தப்பும் கெடையாது. நீ வாசல்ல கோலி ஆடிகினு இருந்தா, இவ எங்கயும் போவலன்னு அவங்களுக்குத் தெரியும். ஆமாண்டா, உன்ன நான் ஜாமீனா வச்சேன். பெட்டிகூட உன்னையும் வச்சேன்.

இத்த நான் தப்புன்னு ஒத்துக்கணும், கண்ணுல தண்ணி வுட்டுகினு மன்னிச்சுக்கடான்னு எழுதணும்னு நீ எதிர்பாப்ப. எழுத மாட்டேன். பயந்தேனான்னு கேளு, பயந்தேன். அபாயச் சங்கு ஊதறப்போல்லாம் உன்னையும் பெட்டியையும் சமையக்கட்டு மேடைக்கு அடியில தள்ளிட்டு, முன்னால நான் குந்திகினு இருப்பேன். நீ அந்தப் பெட்டி மேல தலைய வச்சு தூங்கிடுவ. அரிசி வெல ஏறிச்சு, கெடைக்கவும் இல்ல. உங்கப்பா பெட்டிய ஒடைக்கலாம்னு சுத்திய எடுத்துட்டாரு, அப்பால திருப்பி வச்சிடலாம்னாரு. தொடக்கூடாதுன்னேன். கேவுரு கூழு குடிச்சோம், நீ மூஞ்ச சுளிச்ச, அப்பவும் தொடல. மறுபடியும் அந்த வண்டி வாசல்ல வந்து நின்னா மறுபடியும் உன்ன எறக்குவேன். மெய்யாலுமே சொல்றேன்.

ஆடி மாசம் ஒரு பகல்ல வாசல்ல ஒரு பொம்பளை வந்து நின்னா. யாருன்னே தெரியல. கழுத்துல கருகமணி இல்ல, கால்ல செருப்பு இல்ல, புடவையெல்லாம் செம்மண்ணு. சல்மா. ஆம்பூர்ல காய்ச்சல் வந்து புருசன் போயிட்டாரு. அவரு கூடப் பொறந்தவங்க இவ கையில கெடந்ததயெல்லாம் வாங்கினு, நீ வேற எடம் பாத்துக்கன்னு சொல்லிட்டாங்க. அவ மொதல்ல இன்னா கேட்டா தெரியுமா. "அக்கா, பெட்டி கீதா?"ன்னு கேட்டா. நான் கைய காட்டினேன். நீ பெட்டி மேல குந்திகினு வேர்க்கடல துன்னுகினு இருந்த. அவ முந்தானை முடிச்ச அவுத்து சாவிய எடுத்தா. அவ ஒடம்புல இருந்த மூக்குத்திய கூட வுடல அவங்க, அந்த சாவி மட்டும் பொழச்சு வந்துச்சு. உன்ன தூக்கி நிறுத்திட்டு பெட்டிய தொறந்தோம், வச்சது வச்ச மாதிரி இருந்துச்சு. அவ தரையில குந்தி அழுதா பாரு, புருசன் செத்ததுக்குக் கூட அப்பதான் அழுதான்னு நெனக்கறேன். இருந்த பொம்பளைங்கள கூப்ட்டு கேட்டேன், குலுக்கல் வேணாம், அவளுக்கே குடுன்னாங்க. அதுல ஒரு பழைய தையல் மிஷின் வாங்கினா. நீ போட்டுகினு போன ஸ்கூல் டவுசர் அல்லாம் அந்த மிஷின்ல தச்சது, கூலி வாங்கினதில்ல. இன்னா கட்டடம் கட்டினேன்னு என்னை யாராவது கேட்டா, நான் இத்தத்தான் சொல்லுவேன். நான் குடியிருந்தேன், சேதாரம் ஆவாம வச்சேன். உன்னயும் வச்சேன், அவங்க துட்டையும் வச்சேன். உங்க வாத்தியார்கிட்ட சொல்லு, அந்த வார்த்தைய எங்கம்மா படிக்கறதுக்கு முன்னாடியே வாழ்ந்து பாத்துட்டான்னு.

கல்யாணத்தப் பத்தி ரெண்டு வார்த்தை. உன் பொண்டாட்டி கையில அவளுக்குன்னு ஒரு பெட்டி இருக்கட்டும், அதுல இன்னா கீதுன்னு நீ கேக்காத. அவ சம்பாரிக்கற பொண்ணு, டீச்சர், அவ துட்ட வாங்கி நீ கணக்கு பாக்காத. யாருக்கும் பயந்துகினு பெத்தவங்கள மறைக்காத. இன்னிக்கு என்னை மறைப்ப, நாளைக்கு உங்கப்பா விஞ்ச்மேன்னு சொல்ல வெக்கப்படுவ, அப்பால நீ யாருன்னே உனக்கு தெரியாம போயிடும். கல்யாணத்துல மொத வரிசையில சல்மா குந்துவா, அவ கூட நம்ம சீட்டு பொம்பளைங்க அல்லாரும் குந்துவாங்க. சம்பந்தி பேங்க் ஆபீசருக்கு அது கௌரவக் கொறச்சல்னா அவரு ரெண்டாவது வரிசையில குந்திக்கட்டும், அங்கயும் காத்து நல்லாதான் வரும்.

கடைசியா ஒரு சேதி. நீ பொண்ணு வூட்ல, எங்கம்மா சொம்மா வூட்லதான் இருக்காங்கன்னு சொல்லி வச்சிகீற இல்ல, அது ஒடஞ்சு போச்சு. போன சீட்டு அன்னிக்கு, கூடம் நெறைய பொம்பளைங்க குந்திகினு கீறோம், சல்மா சொம்புல துண்டு சீட்ட போட்டு குலுக்கிகினு கீறா, வாசல்ல வசந்தா நிக்கறா. உன்ன கட்டிக்கப்போறவதான். அவ சித்தி கூட, பூவும் பழமும் எடுத்துகினு சொல்லாம கொள்ளாம வந்துட்டா. மறைக்கறதுக்கு ஒரு பாயாவது கையில இல்ல. நான் மறைக்கவும் நெனைக்கல. வாம்மா, குந்துன்னேன். செருப்ப கழட்டிட்டு தரையில குந்தினா. குலுக்கல் முடியற வரைக்கும் கண்ணு எடுக்காம பாத்தா. அப்பால என்கிட்ட நவுந்து வந்து மெதுவா, "அத்தை, நானும் சேந்துக்கலாமா?"ன்னு கேட்டா.

"ஒங்கப்பா பேங்குல இல்லாத துட்டா இங்க கீது?"ன்னு கேட்டேன்.

"அங்க என் பேருல கணக்கு இருக்கு. ஆனா அப்பா வேணாம்னு சொன்னா நான் எடுக்க முடியாது. என் சம்பளத்துல எனக்குன்னு ஒண்ணுமே இல்ல அத்தை."

"ஒன்ன கட்டிக்கப்போறவன் இத்த மூடச் சொல்றவன்மா"ன்னேன். உன் லெட்டர் வரதுக்கு முன்னாடியே உன் மனசுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதா.

அவ என் பக்கம் திரும்பினா. "அவரு ஊர்ல இல்ல, நான்தான இங்க இருக்கேன்"ன்னா. சித்தி வாய பொத்திகினு சிரிச்சா. சல்மா எழுந்து போய் அவ தலையில கை வச்சா.

அடுத்த மாசம் தொடங்கற புது சீட்டுல சேத்துகினேன். மொத மாசத் துட்ட அவ கைப்பையிலேர்ந்து எடுத்துக் குடுத்துட்டு போயிட்டா. அவ போனப்பறம்தான் சல்மா கேட்டா, புது ஆளாச்சே அக்கா, ஜாமீனுக்கு யாரு பேர சொல்றதுன்னு. உன் பேர சொல்லிட்டேன். வசந்தாவுக்கு ஜாமீன் நீதான். அல்லாரும் கேட்டுகினாங்க, யாரும் வேணாம்னு சொல்லல. அதாவது அவ முறை வந்து, அப்பால கடைசிப் பொம்பளை முறை முடியற வரைக்கும், சீட்ட மூடுன்னு வாய தொறக்க உனக்கு பாத்தியதை இல்ல. மறுபடியும் உன்ன பெட்டிகூட வச்சிட்டேன்டா நைனா, இந்த தபாவும் உன்ன கேக்கல.

பம்பாய்ல கப்பல் எறங்கி மெயில் புடிச்சு வருவ. சென்ட்ரலுக்கு நாங்க வரல. அன்னிக்கு வண்டியிலேர்ந்து உன்ன நான் எறக்கினேன், இந்த தபா நீயா எறங்கி வா. கதவு தொறந்துதான் இருக்கும்.

உங்கம்மா